பூனை பீய்ச்சிய வீச்சம்: பினாயிலைக் கீழே வையுங்கள்

போன ஐப்பசியில் மழை பிடித்த மறுநாள் காலை, அம்மா கூடத்தில் நின்று மூக்கைச் சுளித்தாள். "எங்கயோ எலி செத்துக் கிடக்கு, பாரு." எலி இல்லை. கோடையில் எங்கள் கடுவன் பூனை மணி, இது தன் இடம் என்று குறிக்க, பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் சிறுநீரைப் பீய்ச்சியிருந்தான். மூன்று நாள் பினாயில் போட்டுத் துடைத்து, போய்விட்டது என்று நான் நம்பிய இடம் அது. ஆறு மாதம் கழித்து ஈரக்காற்று பட்டதும் அப்படியே எழுந்து வந்துவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்று ஒரு அமினோ அமிலம் உண்டு. கருத்தடை செய்யாத கடுவனிடம் அது மிக அதிகம். ஃபெலினினுக்குத் தனியாக வாசம் கிடையாது. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறும்போதுதான் அந்தக் குடலைப் பிரட்டும் வீச்சம் கிளம்புகிறது. கூடவே யூரியாவைப் பாக்டீரியா தின்று அம்மோனியா ஆக்கும். அதனால்தான் பீய்ச்சிய அன்றைக்கு இருப்பதைவிட நாலு நாள் கழித்து நாற்றம் கூடுகிறது. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவர் உறிஞ்சிவைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் திருப்பிக் கொடுக்கும்.

நான் செய்த முதல் தப்பு, நாற்றத்தின் மேல் இன்னொரு நாற்றத்தைப் போட்டது. பினாயில், சாம்பிராணி, ஊதுபத்தி, அறை வாசனைத் தெளிப்பான் என்று எல்லாமே நம் மூக்கைச் சமாதானப்படுத்துபவை. பூனையின் மூக்குக்கோ, அந்த வாசனைக்கு அடியில் இருக்கும் தன் கையெழுத்து தெளிவாகவே தெரியும். புது வாசனை வந்ததும், 'நம் இடத்தில் இது யார்?' என்று மேலே இன்னொரு முறை பீய்ச்சும். மணி அப்படித்தான் செய்தான். நான் துடைக்கத் துடைக்க அவன் புதுப்பித்துக்கொண்டே இருந்தான்.

பினாயிலில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கறுப்பு பினாயிலில் உள்ள பினால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வெள்ளை பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் ஆகாது. டெட்டாலும் அப்படியே. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் போதும், விஷம் உள்ளே போய்விடும். பூனை அந்தப் பக்கம் வராமலிருக்க மூலையில் நாப்தலின் உருண்டை போடுவதும், யூகலிப்டஸ் எண்ணெய் தடவுவதும் இதே கணக்குத்தான். பூனை விலகுமோ இல்லையோ, நோய் வரும் ஆபத்து நிச்சயம்.

(ஒரு வேடிக்கை: கோயிலில் சாத்தும் புனுகும் ஒரு விலங்கு தன் எல்லையைக் குறிக்க விடும் சமாச்சாரம்தான். ஆனால் புனுகுப்பூனை பூனை இனமே இல்லை. மணி கொடுப்பதற்குச் சந்தையில் மதிப்பும் இல்லை.)

பிளீச்சிங் பவுடர் எடுப்பவர்களுக்கு ஒரே சொல்: வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் நெஞ்சடைத்துப்போகும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் உதவாது. பூனைக்கு அது சிறுநீர் வாசம்போலவே படும். வினிகரும் எலுமிச்சையும் ஓரளவு உதவும்தான். ஆனால் மார்பிள், மொசைக், கடப்பாக்கல் தரையில் ஊற்றினால் அமிலம் அரித்து, பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு நிற்கும். வாடகை வீடென்றால் அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

எங்கே துடைக்கிறோம் என்பதிலும் தப்பு நடக்கிறது. பூனை பீய்ச்சும்போது வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்றபடியே விடும். ஆகவே அது விழுவது தரையிலிருந்து அரையடி, ஓரடி உயரத்தில். அங்கிருந்து வழிந்து தரையோரப் பட்டியின் இடுக்குக்குள் இறங்கும். நாம் தரையை மட்டும் தேய்த்துக்கொண்டிருப்போம். கடையில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக அடித்தால் காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். நான் அடித்துப் பார்த்த அன்று பீரோவின் இரும்புக் காலில் ஒரு ஓடை, திரைச்சீலை ஓரத்தில் ஒன்று, செருப்பு ஸ்டாண்டில் இரண்டு. சுவரில் ஒரே ஒரு இடம் என்று நினைத்திருந்தேன். சுவிட்ச் பெட்டி, பிளக் பக்கம் தெரிந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். அப்புறம் துணியை எடுக்கலாம்.

கழுவும் முறை இவ்வளவுதான். பாக்கெட்டில் என்சைம் என்று போட்டிருக்கும் துணி துவைக்கும் பவுடரை 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கணக்கில் கரைத்து, கறையைவிடப் பெரிய வட்டத்துக்கு நனையவிடுங்கள். தெளித்த கையோடு துடைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கறையைச் சிதைக்கும் அந்த என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும், ஈரமும் வேண்டும். குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். பழைய கறைக்கு ஈரத்துணியை ஒட்டி இன்னும் அதிக நேரம். வெந்நீர் ஊற்றினால் என்சைம் செத்துவிடும், முன்பே கிருமிநாசினி போட்ட இடமென்றாலும் சரியாக வேலை செய்யாது. அதனால் பழைய பினாயிலை முதலில் வெறும் தண்ணீரில் அலசி எடுங்கள். என்சைம் ஊறிய பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், பூஜை விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பெயின்ட் உரியுமா என்று மறைவான ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காயும்வரை பூனை அந்த அறைக்குள் வரக்கூடாது. இதற்கும் மசியாத டிஸ்டெம்பர் சுவரை, சுரண்டி பிரைமர் அடித்துத்தான் தீர்க்க வேண்டும். எங்கள் சுவர் அப்படித்தான் தீர்ந்தது.

சுவர் சுத்தமானாலும் பூனை அதே பூனைதான். அடிப்பதும், பீய்ச்சிய இடத்தில் மூக்கை அழுத்தித் தேய்ப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. பூனைக்கு அதில் விளங்குவது ஒன்றே: இந்த வீட்டில் பயம் இருக்கிறது. பயந்த பூனை இன்னும் அதிகமாகப் பீய்ச்சும்.

கருத்தடையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக விலையுயர்ந்த தவறு. "பாவம், ஒரு தடவையாவது…" என்று அம்மாவும் இழுத்தாள். கருத்தடை செய்த கடுவன்களில் ஏறத்தாழ 10க்கு 9 பீய்ச்சுவதைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். ஃபெலினினும் குறைவதால் சிறுநீரின் வீச்சமே இறங்கும். சிலதுக்கு உடனே, சிலதுக்குச் சில வாரம் ஆகும். 5, 6 மாத வயதில், பழக்கம் படியுமுன் செய்வது நல்லது. பெட்டைப் பூனையும் பீய்ச்சும், குறிப்பாகப் பருவத்தில்.

கருத்தடை செய்த பிறகும் பீய்ச்சினால் ஜன்னலைப் பாருங்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் இரவு பதினொன்றுக்கு ஒரு வெள்ளைக் கடுவன் வந்து உட்காரும். மணி உள்ளேயிருந்து அதைப் பார்த்துவிட்டு நேராகப் பீரோ பக்கம் போவான். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குச் செய்தித்தாள் ஒட்டியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, பூனை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் மணல் தட்டு. எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகத் தட்டு வைக்க வேண்டும், தினமும் அள்ள வேண்டும்.

நான் தப்பாக நினைத்திருந்த இன்னொன்று, கண்ட இடத்தில் போவதெல்லாம் பீய்ச்சல் என்பது. குந்தி உட்கார்ந்து தரையிலோ மெத்தையிலோ நிறைய விட்டால் அது பீய்ச்சல் இல்லை. தட்டு பிடிக்கவில்லை, அல்லது உடம்பு சரியில்லை. ஆண் பூனை அடிக்கடி குந்தி, முக்கி, கத்தியும் சொட்டுக்கூட வரவில்லையென்றால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போகும். நடுராத்திரி என்றாலும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

பூனை சாப்பிடும் இடத்தில் பீய்ச்சுவது அபூர்வம் என்பதால், புதுப் பெயின்ட் அடித்த அந்த மூலையில் இப்போது மணியின் சோற்றுத் தட்டு இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அதில் காலை இடித்துக்கொண்டு திட்டுகிறாள். தட்டை மட்டும் நகர்த்துவதில்லை.