‘ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்’: கைமீறிய பிள்ளையும் பெற்றோர் செய்யும் தவறுகளும்

போன வாரம் என் ஜூனியர் ஒரு புகார் மனு எழுதிக்கொண்டிருந்தார். எதிரே ஓர் அப்பா, பத்தாவது படிக்கும் மகனோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனவர். எட்டிப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே மனு. தேதிதான் வேறு.

பிள்ளையை அடிக்காதீர்கள், அறைக்குள் பூட்டாதீர்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது தெரிந்தவர்கள்தான் வக்கீலைத் தேடி வருகிறார்கள்.

மிரட்டி வைக்கப் போலீஸ்

“கேஸெல்லாம் வேணாம் சார், கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டி அனுப்பச் சொல்லுங்க.” எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வந்த அப்பாவும் இதைத்தான் சொன்னார். மகனுக்கு 16 வயது. அம்மாவின் இரண்டு பவுன் செயினை எடுத்து அடகு வைத்துவிட்டான். பணம் கஞ்சாவுக்குப் போயிருந்தது. அடகுக்கடையில் கையெழுத்துப் போட்டது 19 வயது நண்பன்.

மனு கனமாக இருக்கட்டும் என்று அந்த நண்பனையும் ஒரு வரியில் சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வினை. 18 வயது நிறையாதவர் செய்த குற்றம் மிகக் கொடியதாக இருந்தாலோ, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். மற்றபடி ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பப் பின்னணி அறிக்கை தயாரித்தால் போதும். 2016 இளைஞர் நீதி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நான் பெரியவனைச் சேர்த்துக் கொடுத்தேன், எஃப்.ஐ.ஆர். விழுந்தது.

சாயங்காலமே அப்பா ஓடி வந்தார், “வாபஸ் வாங்கிக்கிறேன்” என்று. புகார் கொடுத்தவர் மனசு மாறினால் எஃப்.ஐ.ஆர். அழிந்துவிடாது. பையன், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்றான். புகார் கொடுத்தவரும் அப்பா, ஜாமீனுக்கு வந்தவரும் அப்பா. வாய்தாவுக்கு வாய்தா அப்பாவும் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. நினைத்தால் இன்றும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

தட்டி அனுப்பும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையவே கிடையாது. பிடித்த சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆலோசகர் உண்டு. ‘என்னால் முடியவில்லை’ என்று, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் சொல்வது குற்றமில்லை. புகார் கொடுத்தே தீர வேண்டுமா? கஞ்சா விற்றவன் மேல் கொடுங்கள். சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம்.

“ஹோம்ல போட்டுடுங்க”

கூர்நோக்கு இல்லம் என்பது வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் இடம், ஹாஸ்டல் இல்லை. பெற்றோர் கேட்டுச் சேர்க்க முடியாது.

இதைவிட ஆபத்தானது அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, அதாவது பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும் பத்திரம். ஆறு மாசம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து ஓர் அம்மா கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். அது தத்துக்கு வழிவிடும் கையெழுத்து. மறுயோசனைக்கு இரண்டு மாதம்தான் அவகாசம்.

ராத்திரியில் வேன் அனுப்பும் போதை மறுவாழ்வு மையம்

2017 மனநலச் சட்டப்படி மைனரைச் சேர்க்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவர். பெரியவர்களோடு தங்க வைக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் கூடவே இருக்க வேண்டும். “நீங்க வர வேணாம், நாங்க பாத்துக்கறோம்” என்றால் கதவைச் சாத்துங்கள். யாரிடம் காட்டுவது என்று புரியாவிட்டால் மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

‘எனக்கும் என் மகனுக்கும் சம்பந்தமில்லை’ என்று பேப்பர் விளம்பரம்

மைனருக்குச் செல்லாது. காசு தண்டம்.

பைக் சாவி

மைனர் பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அவனுக்கில்லை, உங்களுக்கு.