பேச்சை விரலிலிருந்து தொடங்குங்கள்

பாம்பன் பக்கம் ஒரு கிராமத்தில், வலை பின்னும் கொட்டகையில், மன்னார் வளைகுடா பற்றி நான் போட்ட முதல் பவர்பாயின்ட் 24 ஸ்லைடு. கடல்சார் தேசியப் பூங்கா 1986, உயிர்க்கோளக் காப்பகம் 1989, தீவுகள் 21 என்று அடுக்கிக்கொண்டே போனேன். எதிரே கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள். ஒன்பதாவது ஸ்லைடில் ஒரு அக்கா கேட்டார்: "தம்பி, இந்த இருபத்தோரு தீவுல எந்தத் தீவுல உங்க காலு பட்டிருக்கு?"

எதிலும் பட்டதில்லை. கொட்டகையே சிரித்தது. அதற்கப்புறமும் மீதி 15 ஸ்லைடைப் போட்டு முடித்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

சொன்ன கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கணக்கை மாட்டி வைக்க அவர்கள் மனதில் நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. முதலில் ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நேரம். எண் அதற்குப் பிறகு. இதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதே அக்காதான். சில வருடம் கழித்து, அதிகாரிகள் வரும் ஒரு கூட்டத்தில் பேச அவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும் என்பது கோரிக்கை. யாரோ எழுதிக் கொடுத்த தாளோடு வந்தார். "பெருமதிப்பிற்குரிய" என்று தொடங்கி மேடையில் இருப்பவர்களை விளித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஓடிவிட்டது. அடுத்து "சொல்லொணாத் துயரம்". மனு மாதிரி இருந்தது. அக்கா பேசுகிற மாதிரி இல்லை.

தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "நேத்துக் காலையில எந்திரிச்சதிலிருந்து சொல்லுங்கக்கா." கதை தேட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. 'வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம்' என்று கேட்டால் ஆட்கள் விறைத்துப் போவார்கள். நேற்றைக் கேட்டால் கொட்டும். இருபது நிமிடம் பேசினார். டீக்கடை, படகுக் கூலி, மருமகள், கலங்கிய தண்ணீர், எல்லாம் வந்தது. நடுவில் இதுவும் வந்தது: மரிக்கொழுந்துப் பாசி கல்லில் ஒட்டியிருக்கும். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் பிடுங்குவார்கள். துணியையும் மீறிக் கல் கிழிக்கும். "ராத்திரி பேத்திக்குச் சோறு பெசஞ்சா கொழம்புக் காரம் வெரலு பூரா எரியும். கரண்டியில ஊட்டுவேன். அவ கையாலதான் வேணும்னு அழுவா."

அங்கேயே நிறுத்தச் சொன்னேன். பேச்சு கிடைத்துவிட்டது.

அப்புறம் வெட்டு வேலை. விளிப்பு ஒரே வணக்கமாகச் சுருங்கியது. காலையில் கிளம்பியது, படகு ஏறியது எல்லாம் போயிற்று. கதை தொடங்கும்போதே உடம்பு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். "கல்லுக்கு அடியில கைய விட்டேன்" என்பது முதல் வாக்கியம். கண்ணுக்குத் தெரிகிற பொருள் மூன்று: துணி, கல், கரண்டி. நாலாவதாக மூக்குக் கண்ணாடி ஒன்றைச் சேர்க்கப் பார்த்தோம். கவனம் சிதறியது, எடுத்துவிட்டோம். 'கஷ்டம்', 'வேதனை' இரண்டும் தடை. கேட்பவர் மனதில் வர வேண்டிய சொல்லை நாமே சொல்லிவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் எண்: பாசி வளரட்டும் என்று மாதத்துக்கு 12 நாள் மட்டும் கடலில் இறங்குவதாக இந்தப் பெண்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இதையே முதலில் சொல்லியிருந்தால் வெறும் தகவல். கரண்டிக்குப் பிறகு வரும்போது, விரல் எரிகிற ஒருத்தி தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரியும். கடைசி வாக்கியம் அட்டை. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன். நடுவை ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிய இடத்தை மறுநாள் வெட்டினோம்.

எங்கள் ராமேஸ்வரம் தீவுக்காரரான அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு கதையிலும் இந்த வரிசைதான். ஐந்தாம் வகுப்பு. பறவை எப்படிப் பறக்கிறது என்று சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைகிறார். புரியவில்லை. மாலையில் பையன்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பறக்கிற பறவையையே காட்டுகிறார். விமானவியல் எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது. (அதற்காக நீங்களும் கலாம் கதையிலோ 1964 தனுஷ்கோடிப் புயலிலோ ஆரம்பிக்காதீர்கள். எங்கள் ஊர் மேடையில் யார் ஏறினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். உங்கள் வீட்டில் அந்தப் புயலைப் பார்த்தவர் இருந்தால் சரி, சொல்லுங்கள்.)

ஊருக்குத் தகுந்த சொல்லும் முக்கியம். கடலோர ஊரான மண்டபத்தில் 'கச்சான்' (தென்மேற்குக் காற்று) என்றால் போதும், தென்கடல் எப்படிக் கிடக்கும் என்று கேட்பவருக்கே தெரியும். மதுரையில் அதே சொல்லைச் சொல்லிவிட்டு, கூடவே தகரக் கூரை அடித்துக்கொள்ளும் சத்தத்தையும் சொல்ல வேண்டும்.

ஸ்லைடு வேண்டுமென்றால் கதைக்கு ஒரு படம், துணி சுற்றிய விரல் மாதிரி, எழுத்தில்லாமல். கதை சொல்லும்போது கீபோர்டில் ஆங்கில 'பி' எழுத்தை அழுத்தினால் பவர்பாயின்ட் திரை கறுத்துவிடும். எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் நான் சூடுபட்டுத்தான் கற்றேன். கடலில் கணவரைப் பறிகொடுத்த ஒருவரின் கதையை, அவரிடம் கேட்காமல், ஒரு கூட்டத்தில் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் கரையில் படகின் நிறத்தைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் கடைசி வரிசையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவரு அன்னைக்கு நீலச் சட்டை போடல தம்பி."

நீலச் சட்டை நான் சேர்த்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கட்டும் என்று.

இப்போதெல்லாம் அடுத்தவர் கதையை மேடைக்கு எடுக்கும் முன் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடமே சொல்லிக் காட்டுகிறேன். இப்படி இல்லை என்றால் திருத்துகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, கொட்டகையில் 24 ஸ்லைடு போட்ட கதையைச் சொல்கிறேன்.