சிகரெட்டை விடுவதற்கு ஒரு காரணம், விட்டபின் நிலைப்பதற்கு வேறொரு காரணம்

சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று ஒருமுறையேனும் எண்ணாத புகைப்பழக்கக்காரரைக் காண்பது அரிது. அவர்களில் பெரும்பாலோர் எண்ணியதோடு நிற்காமல் விட்டும் பார்த்தவர்கள். பதினான்கு ஆண்டுகள் புகைத்து, மூன்று முறை விட்டுத் தோற்று, நான்காவது முறையில் நிலைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிகரெட்டை விட வைக்கும் காரணம் வேறு, மீண்டும் தொடாமல் இருக்க வைக்கும் காரணம் வேறு. மார்பில் எழுந்த ஒரு வலியோ, மருத்துவர் விளக்கின் எதிரே பிடித்துக் காட்டிய எக்ஸ்ரே படமோ, வீட்டுக் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனதோ நம்மை விட வைக்கிறது. ஆனால் விட்ட சில வாரங்களில் இருமல் தணிகிறது, மூச்சு சீராகிறது, அச்சமும் கூடவே கரைந்துபோகிறது. அச்சம் காலி செய்த இடத்தில், "ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன?" என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே விடுவதற்கான ஆயத்தத்தையும் நிலைப்பதற்கான ஆயத்தத்தையும் தனித்தனி வேலைகளாகவே கருத வேண்டும்.

பழக்கத்தை அளந்து பாருங்கள்

நாள் குறிப்பதற்கு முன் ஒரு வாரம் எதையும் குறைக்காமல் வழக்கம்போலவே புகையுங்கள்; ஆனால் ஒவ்வொரு சிகரெட்டையும் பற்ற வைப்பதற்கு முன் நேரம், இடம், அதுவரை செய்துகொண்டிருந்த வேலை, அந்தச் சிகரெட் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு மதிப்பெண் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாளைப் பெட்டியோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்தால் மறக்காது. வார இறுதியில் பார்த்தால், உண்மையாகவே தேவைப்பட்டவை சிலவே என்பதும், மற்றவை தொலைபேசி ஒலித்ததாலோ, வாசலைத் தாண்டியதாலோ, அருகில் ஒருவர் பற்ற வைத்ததாலோ கை தானாகச் செய்தவை என்பதும் தெரியவரும். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, நாளுக்கு இருபது சிகரெட் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 73,000 முறை கை வாய்க்குப் போய் வருகிறது. ஒவ்வொரு முறையும் புகையிலுள்ள நிகோட்டின் பத்து, இருபது நொடிகளுக்குள் மூளையை எட்டி, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. செய்த உடனேயே பலன் கிடைக்கும்படி இத்தனை முறை நாம் பழகிய செயல் வேறு எதுவும் அநேகமாக இருக்காது. எனவே, அது எளிதில் போகவில்லை என்பதற்காக உங்களை நீங்களே பலவீனர் என்று ஏசிக்கொள்ள வேண்டியதில்லை.

அந்தத் தாளில் முதலில் கவனிக்க வேண்டியது காலையின் முதல் சிகரெட்டுக்கான நேரம். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம் 1978இல் வெளியிட்டு, 1991இல் திருத்தி அமைக்கப்பட்ட, நிகோட்டினைச் சார்ந்திருக்கும் அளவைக் கணிக்கும் வினாத்தாளிலும் இதுவே முதன்மையான கேள்வி. இரத்தத்திலுள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு முழுவதும் தூங்கிய உடல் அது பெரிதும் வற்றிய நிலையில் விழிக்கிறது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் கை பெட்டியைத் தேடுகிறது என்றால் உங்கள் உடல் நிகோட்டினை வலுவாகச் சார்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் மன உறுதியை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

நாள் குறித்தல்

இரண்டு வாரங்களுக்குள் வரும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். புத்தாண்டு, பிறந்தநாள் என்று சிறப்பு நாள்களைப் பலர் விரும்புகிறார்கள். கொண்டாட்டம் சூழ்ந்த நாளில் தொடங்குவதைவிட யாரும் கவனிக்காத ஒரு சாதாரண நாளில் தொடங்குவதே மேல் என்பது என் கருத்து.

படிப்படியாகக் குறைப்பதா, ஒரே நாளில் நிறுத்துவதா என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 700 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் நான்கு வாரங்களுக்குப் பின்னும் புகைக்காமல் இருந்தனர். "முற்றிலும் விடுவானேன், நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்று தம்மோடு தாமே பேரம் பேசுபவர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு இதய நோய் வரும் கூடுதல் ஆபத்து, இருபது பிடிப்பவருடையதில் இருபதில் ஒரு பங்காகக் குறைவதில்லை, கிட்டத்தட்டப் பாதியாகவே நிற்கிறது.

குறித்த நாளுக்கு முந்தைய மாலையில் வீட்டிலும் வண்டியிலும் மேசை அறையிலும் உள்ள சிகரெட்டுகள், லைட்டர், சாம்பல் கிண்ணம் அனைத்தையும் அகற்றுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எங்கோ ஒளித்து வைத்திருக்கும் பெட்டி எல்லோரிடமும் ஒன்று உண்டு. முதலில் போக வேண்டியது அதுதான். உடன் புகைக்கும் நண்பர்களிடம், "நான் விடப்போகிறேன்" என்று அறிவிப்பதைவிட, "நானே கேட்டாலும் எனக்குக் கொடுக்காதீர்கள்" என்று சொல்வது பயன் தரும். அறிவிப்புக்கு வாழ்த்துத்தான் கிடைக்கும். வேண்டுகோளுக்குச் சிலராவது கட்டுப்படுவார்கள்.

மருந்தின் துணை

எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தாம் ஆறு மாதம், ஓராண்டு என்று நிலைக்கிறார்கள். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் இந்த எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. ஆயினும் மருந்தை நாடுவது தோல்வியின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. நிகோட்டின் பழக்கத்தைப் பிடித்து வைக்கும் கயிறு. புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் தருபவை பெரும்பாலும் எரியும் புகையிலையிலிருந்து வரும் தாரும் மற்ற நச்சுகளும். ஆகவே புகையில்லாமல் நிகோட்டினை மட்டும் சில வாரம் கொடுத்துக் குறைத்துக்கொண்டே வருவது அறிவுக்கு உகந்த வழியே.

தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பேட்ச் நாள் முழுவதும் ஒரே சீராக மருந்தைத் தரும். திடீரென எழும் வேட்கைக்கு நிகோட்டின் சூயிங்கம்மோ வாயில் வைத்துக் கரைக்கும் நிகோட்டின் மாத்திரையோ உதவும். இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடச் சிறந்த பலன் தருகிறது. சூயிங்கம்மைப் பலரும் சாதாரண மிட்டாய் போல இடைவிடாமல் மென்று, விக்கலும் குமட்டலும் வந்து கைவிட்டு விடுகிறார்கள். மெதுவாகக் கடித்து, நாக்கில் காரமோ கூச்சமோ தோன்றியவுடன் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். கூச்சம் தணிந்தபின் மீண்டும் கடிக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். காப்பியும் பழச்சாறும் வாயில் அமிலத்தன்மையை உண்டாக்கி நிகோட்டின் உட்செல்வதைத் தடுப்பதால், மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். மற்றொரு பிழை, நலமாக இருப்பதாகத் தோன்றியதும் மூன்றாம் வாரத்திலேயே மருந்தை நிறுத்திவிடுவது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்வதே வழக்கமான முறை.

வாரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய, நிகோட்டின் இல்லாமலே வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையோடு, விடும் நாளுக்கு ஒரு வாரமோ அதற்குச் சற்று அதிகமாகவோ முன்னதாகத் தொடங்க வேண்டும். வாரெனிக்லின் மனநிலையைக் குலைக்கும் என்ற அச்சம் நெடுநாள் நிலவியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், மருந்து எதுவும் கலக்காத வெற்று மாத்திரையோடு ஒப்பிடும்போது அத்தகைய கடுமையான பாதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோப்பியான் ஏற்றதல்ல. கருவுற்றிருப்பவர்களும் இதய நோயாளிகளும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

முதல் நான்கு வாரங்கள்

எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறுதல், தூக்கக் குறைவு, பசி, மலச்சிக்கல், காரணமற்ற சோர்வு ஆகியவை முதல் நாளிலேயே தலைகாட்டி, இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாக அடங்கும். வேட்கை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அது அலை அலையாகத்தான் வருகிறது. ஓர் அலை சில நிமிடங்களில் தானாகவே இறங்கிவிடும். கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிடங்களை எண்ணிய முதல் நாளில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது என்பதை அப்போது யோசிக்கக் கூடாது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை ஒன்று இங்கே கைகொடுக்கிறது: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. "உறுதியாக இருப்பேன்" என்பது திட்டமல்ல. "கூட்டம் முடிந்து எல்லோரும் புகைக்க வெளியே போனால், நான் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்குவேன்" என்பதுதான் திட்டம். நீங்கள் ஒரு வாரம் எழுதிய தாளில் அதிக மதிப்பெண் பெற்ற ஐந்தாறு வேளைகளுக்கு இப்படி ஒவ்வொரு வரி எழுதினால் போதும். விரைந்து நடக்கும் ஒரு சிறு நடைகூட வேட்கையைக் குறைப்பது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சிகரெட் புகை, கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் அந்த நொதியின் வேகம் குறைய, அதே இரண்டு கோப்பைக் காப்பியிலிருந்து இரத்தத்தில் தங்கும் காஃபீன் ஏறத்தாழ இருமடங்காகிறது. நெஞ்சு படபடப்பதையும் இரவில் புரள்வதையும் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணி மீண்டும் பற்ற வைத்தவர்கள் எத்தனை பேரோ! முதல் வாரத்திலேயே காப்பியையும் தேநீரையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இதே காரணத்தால் மனநோய்க்கான குளோசபின், ஒலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள், புகைப்பதை நிறுத்துவதை மருத்துவரிடம் தெரிவித்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

நிலைப்பதற்கான காரணத்தைத் தேடுதல்

உடல் அடங்கியபின் தொடங்குவது வேறு வகையான வேலை. சர் ரிச்சர்ட் டாலும் அவருடைய குழுவினரும் 1951 முதல் பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட முடிவுகளின்படி, புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அவற்றில் மூன்று ஆண்டுகளும், ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறும், நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பதும், முப்பதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழப் பத்தும் திரும்பக் கிடைக்கின்றன. எந்த வயதிலும் விடத் தக்கதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் என்றோ வராமல் போகப்போகும் நோய், இன்று மாலை ஐந்து மணிக்கு எழும் வேட்கையோடு மல்லுக்கு நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்பதில்லை.

இன்றே கண்ணுக்குத் தெரியும் பலன்களைத்தான் அங்கே நிறுத்த வேண்டும். இரண்டு மாடி ஏறியும் மூச்சு வாங்காதது, சட்டையில் வாடை இல்லாதது, நீண்ட பயணத்தில் வண்டி எங்கே நிற்கும் என்று கணக்குப் போடாமல் உட்கார முடிவது ஆகியவை சிறியவை என்றாலும் அன்றாடம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடியவை. உங்களுடைய மூன்று காரணங்களை எழுதிவைத்து, மாதம் ஒருமுறை படித்துப் பார்த்து, உயிரிழந்த காரணத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். என்னுடைய முதல் பட்டியலில் இருந்தவற்றில் ஒன்றுகூட ஆறாவது மாதப் பட்டியலில் இல்லை.

மன அழுத்தத்துக்குச் சிகரெட்தான் மருந்து என்ற நம்பிக்கையையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட வேண்டும். முந்தைய சிகரெட்டின் நிகோட்டின் குறையும்போது எழும் பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது. அந்தத் தணிவை நாம் வாழ்க்கைக் கவலை தணிந்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். விட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், சில வாரங்களுக்குப் பின் அவர்களுடைய பதற்றமும் மனச்சோர்வும் புகைத்த காலத்தைவிடக் குறைந்தே இருந்தன.

எடை கூடும் என்பதை மறைப்பதில் பயனில்லை. விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடுகிறது. அதே நேரத்தில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்கி இரண்டு போர்களை ஒருசேர நடத்துவதைவிட, எடையைச் சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே என் துணிபு.

துன்ப வேளைக்கு எல்லோரும் ஆயத்தமாக இருக்கிறோம். மகிழ்ச்சி வேளைக்கு யாரும் ஆயத்தம் செய்வதில்லை. என் மூன்றாவது முயற்சி எட்டாவது மாதத்தில் உடைந்தது ஒரு துக்கத்தில் அல்ல, நண்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்த இரவில். எல்லாம் நன்றாக இருந்தது, எனக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று தோன்றியது, நீட்டிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஒரு மாதத்துக்குள் நாளுக்குப் பதினைந்து.

சறுக்கினால்

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், ஒருமுறை சறுக்குவதையும் பழைய பழக்கத்துக்கே திரும்புவதையும் வேறுபடுத்திக் காட்டியவர். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது, பெரும்பாலும் "எல்லாம் போயிற்று, இனி என்ன?" என்ற எண்ணமே என்பது அவருடைய விளக்கம். சறுக்கல் ஆபத்தற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஒரு சிகரெட் அடுத்த சிகரெட்டை மிக எளிதாக அழைத்து வரும், முதல் இரண்டு வாரங்களில் அது இன்னும் எளிது. ஆகவே கையிலிருப்பதை அணைத்து, மீதிப் பெட்டியை நீரில் நனைத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தைவிட்டு அகலுங்கள். பேட்சையும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். அன்றிரவே, எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் நடந்தது என்று எழுதி, "நடந்தால் செய்வேன்" வரிகளில் அதற்கும் ஒரு வரி சேருங்கள்.

விட்ட நாள் கணக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் நாட்குறிப்பில் நான்காவது முயற்சியின் தேதி இன்னும் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து பத்தொன்பதாம் நாளுக்கு எதிரே, பென்சிலால் "இரண்டு இழுப்பு, பேருந்து நிறுத்தம், மழை" என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை பேட்சை ஒட்டிக்கொண்டு, அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய்ப் பேருந்து ஏறினேன்.