புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்: பெட்டியை விடுங்கள், லேபிளைப் படியுங்கள்

கேபினட்டோடு சேர்ந்து வந்த "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸிலேயே (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பாகம்) ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டை மாட்டினேன். விண்டோஸ், யூடியூப் எல்லாம் ஜோராக ஓடின. கேம் திறந்ததும் சிஸ்டம் பட்டென்று அணைந்தது. உங்களுக்கும் இப்படி என்றால், டிரைவரை நோண்டுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

1. கணக்கு. இந்தக் கார்டு 170 வாட். ஐ5 12400எஃப் பிராசஸர் உச்சத்தில் 117. போர்டு, ரேம், ஃபேனுக்கு ஒரு 50. மொத்தம் 337. ஆனால் கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. காரணம், கார்டு கண் சிமிட்டும் நேரத்துக்குக் கணக்கைத் தாண்டியும் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 650 போதும். "ஆயிரம் வாட் போடு தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

2. லேபிள். இங்கேதான் நிதானம் வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12 வோல்ட் கட்டத்தைத் தேடுங்கள். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்த லைனில்தான். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 × 18 = 216 வாட். பெட்டியில் 450 என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட்டில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். கீழே மொத்த வாட் தனியாக எழுதியிருப்பார்கள், அதுதான் கணக்கு.

அதே லேபிளில் இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். மே மாத ராத்திரியில் தெரு முழுக்க ஏசி ஓட, வோல்டேஜ் இறங்கும் வட சென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம்; கம்மி வோல்டேஜிலும் தாக்குப்பிடிக்கும். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ள மலிவு ரகம் வேண்டவே வேண்டாம். தெரியாமல் 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் டமார்தான்.

என் சாய்ஸ் கோர்சேர் சிஎக்ஸ் அல்லது கூலர் மாஸ்டர் எம்டபிள்யூஇ, 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான சான்று) உள்ளது. கலர் லைட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.

3. கேபிள். கார்டுக்குப் போவது 6+2 பின். பிராசஸருக்குப் போவது 4+4. இரண்டும் எட்டுதான், ஆனால் வேறு வேறு. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். பழைய மோலெக்ஸிலிருந்து (நாலு பின் பவர் கனெக்டர்) மாற்றும் அடாப்டர் சூடாகி உருகலாம், தவிருங்கள்.

4. யுபிஎஸ். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் கீ என்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிடும். 1000 விஏ-வுக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி பழைய வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் ரகம்) வாங்கியவர்கள் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். அச்சாகப் பொருந்தும், ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் புகைந்துவிடும்.