மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மின்சார கார் வாங்காதீர்கள்

ஷோரூமில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கும் பையன் முதலில் சொல்வது, "சார், ஒரு மிதி மிதிச்சுப் பாருங்க" என்பதுதான். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், முகத்தில் தானாகச் சிரிப்பு வரும், புதுச்சேரி இந்திரா காந்தி சிலை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் மனசு பாதி முடிவு செய்துவிடும். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுக்கும், அதனால் எந்தக் கம்பெனியின் மின்சார காரும் சிக்னலில் அப்படித்தான் கிளம்பும். பிக்கப்பை வைத்து ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவதில் பெரிய பலன் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அவர்கள் காட்டும் ரோட்டில் ஓட்டாதீர்கள், நீங்கள் தினமும் போகிற ரோட்டில் ஓட்டுங்கள். முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் போகிற கார், மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் சார்ஜில் ஒரு சதவீதம்தான் குறையும். அதை வைத்து என்ன கணக்குப் போட முடியும்?

நான் புதுச்சேரியிலிருந்து கடலூர் போய் வரக் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், வார நாளில் காலையிலேயே வருகிறேன் என்றதும் சரி என்றார்கள். கிளம்பும்போது பேட்டரி சதவீதத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன், ஏசியை 24-ல் வைத்தேன், வீட்டில் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டேன். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து, தவளக்குப்பம் தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்து, மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்பினோம். 45 கிலோமீட்டருக்கு 14 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியானால் முழு சார்ஜில் சுமார் 320 கிலோமீட்டர். இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று திரையில் காட்டும் ரேஞ்ச் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் இதற்கு முன்னால் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதைப் பார்த்துப் போடும் மதிப்பீடு. விளம்பரத்தில் வரும் எண்ணோ சோதனைக்கூடத்துக் கணக்கு. டாடா நெக்ஸான் இவி 45 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மாடலுக்குச் சோதனை ரேஞ்ச் 489 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தக் கம்பெனியே நடைமுறையில் 350-ஐ ஒட்டித்தான் எதிர்பார்க்கச் சொல்கிறது.

இன்னொன்று, பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும்: ஊருக்குள் மெதுவாகப் போனால் மின்சார காருக்கு ரேஞ்ச் கூடும், நெடுஞ்சாலையில் நூறில் போனால் குறையும். காற்றை எதிர்த்துப் போவதற்கே அவ்வளவு சக்தி செலவாகிறது, ஊருக்குள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து அடிக்கடி காலை எடுக்கும்போது பேட்டரிக்குத் திரும்பி வருகிற மின்சாரமும் நெடுஞ்சாலையில் அவ்வளவாகக் கிடையாது. அடிக்கடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை போய் வருபவர், ஒரு பத்து கிலோமீட்டராவது அந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுப்பது தப்பு.

காலை எடுத்ததும் வண்டி தானாகவே வேகம் குறையும் அல்லவா, அதற்கு பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று நிலை இருக்கும். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அதிகமாக வைத்தால் ஓட்டுகிறவருக்குச் சுகம், பின்னால் இருப்பவருக்குக் குமட்டல். பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் இது சரியாக வேலை செய்யாது, எனவே 70, 80 சதவீதத்தில் இருக்கும் வண்டியைக் கேளுங்கள்.

தனியாகப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பல கார்களில் பின்பக்கத் தரை உயர்ந்திருக்கும். என் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிட்டது, தொடைக்கு அடியில் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கன்னியக்கோவில் வருவதற்குள் இரண்டு தடவை காலை மாற்றி வைத்தார். "நல்லாத்தாண்டா இருக்கு" என்றார், ஆனால் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்த மாடலை அன்றைக்கே விட்டுவிட்டேன். நான் மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் வாங்கியிருப்பேன்.

சார்ஜ் போடாமல் டெஸ்ட் டிரைவை முடிக்காதீர்கள். பொது சார்ஜருக்குப் போய் வண்டியில் செருகும் அந்தத் தடித்த சார்ஜிங் கன்னை நீங்களே தூக்கி மாட்டுங்கள், போனில் ஆப்பைத் திறந்து பணம் கட்டிப் பாருங்கள். வீட்டில் வயதானவரோ மனைவியோ தனியாக ஓட்டப் போகிறார் என்றால் அவரைச் செய்யச் சொல்லுங்கள்.

"ஆஃபர் இன்னையோட முடியுது" என்பதற்காக அன்றே பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். 15 ஆம்பியர் பாயிண்ட், தனி வயர், சரியான எர்த், மூன்றும் வேண்டும். 3.3 கிலோவாட்டில் போட்டால் 30 கிலோவாட் மணி பேட்டரி நிரம்ப ஒன்பது பத்து மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் அந்த வயர் சூடாகாமல் தாங்க வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் புக்கிங் பற்றிப் பேச வேண்டும். மழையையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, காம்பவுண்டு சுவரில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. எலெக்ட்ரீஷியன் சார்ஜிங் பாயிண்டுக்கு வழக்கமான உயரத்தில் குறி போட்டார். நான் கறையைக் காட்டி, அதிலிருந்து மூன்றடி மேலே வைக்கச் சொன்னேன்.