காவிரிக் கரையில புதுசா பறவை பாக்க வர்றவங்க பண்ணக்கூடாதது

பளபளன்னு சட்டை போடாத, சத்தம் போடாத, குப்பை போடாதன்னு பாடம் எடுக்கப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். போன கோடையில நாகமரை பக்கம் கேமராவோட வந்த பசங்கள பாத்தேன், நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்து, அதான் எழுதுறேன்.

மணல்திட்டுல நடக்குறது

எனக்கு இன்னும் கடுப்பேத்துறது இதுதான். கோடையில மேட்டூர் டேம் தண்ணி எறங்க எறங்க நாகமரை, ஒட்டனூர் பக்கம் மணலும் வண்டலும் வெளிய வரும், பாத்தா சும்மா கெடக்குற எடம் மாதிரிதான் இருக்கும். ஆனா ஆக்காட்டி, ஆத்து ஆலா மாதிரி பறவைங்க இப்படித் தரையிலதான் முட்டை வைக்கும். கூடெல்லாம் கெடையாது, லேசா ஒரு பள்ளம். முட்டையில கருப்பு திட்டு திட்டா இருக்கும், கூழாங்கல்லோட கலந்துட்டா பக்கத்துல நின்னாலும் தெரியாது.

மிதிச்சாத்தான் முட்டை போகும்னு நெனைக்கிறாங்க, இல்லங்க. கிட்ட போனதும் ஆக்காட்டி எந்திரிச்சு தலைக்கு மேல சுத்தி சுத்தி கத்தும், இவனுங்க "செம ஆக்‌ஷன்ணா"ன்னு அங்கயே குந்திக்கிறாங்க, அவ்ளோ நேரமும் முட்டை வெயில்ல வேகுது. வயித்து எறகை தண்ணியில நனைச்சிட்டு வந்து முட்டை மேல உக்காந்து சூட்டை தணிக்கிற பறவைங்க அது, மத்தியானத்துல அதை அரை மணி நேரம் வெரட்டி விட்டா முட்டை என்னாகும்? காக்கா வேற பாத்துட்டே இருக்கும். ஒருத்தர்கிட்ட சொன்னதுக்கு "ஒரே ஒரு ஷாட்ணா"ன்னாரு, அப்புறம் முட்டைக்குப் பக்கத்துலயே படுத்துட்டாரு. கத்த ஆரம்பிச்சா வந்த கால்தடத்துலயே திரும்பிடுங்க, லென்ஸ் பத்தலன்னா படமே வேணாம்.

ஒகேனக்கல்லுக்கு மேல ஆத்துல எறங்குறது

முதலை இருக்கு.

மழையே இல்லையேன்னு நடு ஆத்துப் பாறையில உக்கார்றது

இங்க வானம் காஞ்சு கெடந்தாலும் கர்நாடகாவுல கபினி, கேஆர்எஸ் டேம்ல தொறந்து விட்டா எல்லையில இருக்குற பிலிகுண்டுலுவுல தண்ணி ஏறிடும். ஜூலை, ஆகஸ்ட்ல வர்றவங்க கெளம்புறதுக்கு முன்னாடி நியூஸ்ல நீர்வரத்து எத்தன கனஅடின்னு பாத்துட்டு வாங்க.

பைக் போகுதேன்னு காட்டுக்குள்ள போறது

இங்க காடு சும்மா காடு இல்ல, காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014ல அறிவிச்சாங்க, தெற்கு 2022ல. பாதை இருந்தா போகலாம்னு அர்த்தம் இல்ல, ஃபாரஸ்ட்ல பர்மிஷன் கேளுங்க. சாயங்காலம் ஆத்தோரம் சுத்தவே வேணாம், யானை தண்ணிக்கு வர்ற நேரம்.

முட்டை இருக்குற எடத்தோட லொகேஷனை குரூப்ல போடுறது

போடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை அங்க பத்து பைக் நிக்கும்.