பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை டிவிடி ஆக்கி வீட்டு டிவியில் ஓட்டுவது எப்படி

சேர்வராயன் மலைக் கிராமங்களில் கூட்டம் போட்டுப் பாடம் நடத்தப் போகிறவருக்கு ப்ரொஜெக்டர் கிடைப்பது அரிது. யாராவது ஒருவர் வீட்டில் டிவியும் டிவிடி பிளேயரும் இருக்கும். காபிச் செடியைத் துளைக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானைப் பற்றி நாற்பது ஸ்லைடு தயார் செய்து லேப்டாப்பில் வைத்திருக்கிறீர்கள். அந்த ஃபைலை அப்படியே டிஸ்கில் ஏற்றினால் பிளேயர் அதைச் சீண்டாது. எம்.பி.4 ஆக்கி ஏற்றினாலும் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் திறக்காது. பிளேயருக்குப் புரிவது டிவிடி வீடியோ என்ற ஒரே அமைப்புதான்: 720 x 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம், எம்பெக்-2 வீடியோ, 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி. நம் நாட்டு டிவிகளின் பி.ஏ.எல். என்ற ஒளிபரப்பு முறைக்கான அளவு இது.

மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் டிஸ்க் நன்றாக வருமா வராதா என்பது ஸ்லைடைத் தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

எழுத்தும் புள்ளியும்

4:3 (அகலம் 4, உயரம் 3 என்ற விகிதம்) ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். டிவிடி படத்தின் உயரம் 576 வரி (திரையில் படம் வரையும் கிடைக்கோடுகள்). ஆக ஒரு பாயிண்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு வரிதான் கிடைக்கும். 28 பாயிண்ட் எழுத்துக்கு 30 வரி வரும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்று வரி போலக் கிடைக்கும். அதையே 14 பாயிண்ட்டில் வைத்தால் புள்ளிக்கு ஒன்றரை வரிகூடத் தேறாது. பழைய டிவி ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால், ஒரே வரியில் அடங்கிய புள்ளி பாதி நேரம் திரையில் இருக்காது. துடித்துக்கொண்டே இருக்கும், அல்லது அடியோடு காணாமல் போகும். "மருந்தைத் தண்டில் தடவவும்" என்பதில் புள்ளிகள் போய்விட்டால் படிப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்பார். ஆங்கில ஸ்லைடுக்குச் சொல்லும் எழுத்தளவு தமிழுக்குப் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே பாடப்பகுதி 28 பாயிண்ட்டுக்குக் கீழே போகக் கூடாது, தலைப்பு 40 இருக்கட்டும். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கொடுத்த 14 அங்குலப் பெட்டி போன்றதில்தான் காட்டப் போகிறீர்கள் என்றால் பாடத்துக்கே 32 வையுங்கள். ஒரு ஸ்லைடில் ஐந்து வரி எழுத்துக்கு மேல் வேண்டாம். மெல்லிய எழுத்துருக்களைத் தவிர்த்து, நிர்மலா போன்ற ஒன்றை போல்டில் வையுங்கள். பட்டியல் கோடுகள், படத்தைச் சுற்றிய கட்டங்கள் எல்லாம் 3 பாயிண்ட் தடிமனாவது இருக்க வேண்டும். ஒரு பாயிண்ட் கிடைக்கோடு புள்ளியைப் போலவே துடிக்கும்.

நிறத்திலும் இதே தொல்லை உண்டு. டிவிடியில் வெளிச்ச விவரம் முழுதாகப் பதியும். நிற விவரம் நான்கில் ஒரு பங்குதான் பதியும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசிந்து மங்குவது அதனால்தான். கருநீலத்தின் மேல் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ நன்றாக நிற்கும். அந்த வெள்ளையையும் 255 என்று முழுதாக வைக்காமல் மூன்று நிற எண்களையும் 235 ஆக வையுங்கள். கண்ணைக் கூசாது, எழுத்தின் ஓரமும் பரவாது.

பழைய ஸ்லைடுகளில் தமிழ் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சாகி இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். வீடியோவாக மாறிய பிறகு எழுத்து வெறும் படம்தான், எந்தப் பிளேயரிலும் கெடாது. ஆகவே தமிழ் சரியாகத் தெரிகிற கணினியிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். எழுத்துருவைத் தேடி ஃபைலைக் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஓரங்களை விட்டு வைப்பது

டியூப் டிவி படத்தின் நாலு ஓரத்தையும் சட்டத்துக்குள் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பழைய தொலைக்காட்சிக்காரர்கள் கணக்குப்படி ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கை எழுத்தில்லாமல் விட வேண்டும். 10 x 7.5 அங்குல ஸ்லைடில் இது பக்கவாட்டில் ஒரு அங்குலம், மேலும் கீழும் முக்கால் அங்குலம். பவர்பாயிண்டில் ஆல்ட்டும் எஃப்9-உம் சேர்த்து அழுத்தினால் வழிகாட்டிக் கோடுகள் வரும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் இன்னொரு கோடு பிறக்கும். நடுவிலிருந்து இடமும் வலமும் 4.00, மேலும் கீழும் 3.00 என்று நான்கு கோடுகளை நிறுத்துங்கள். எழுத்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள். பின்னணியும் படங்களும் ஸ்லைடின் ஓரம் வரை போகலாம். கீழ்மூலையில் பக்க எண், நிறுவனச் சின்னம் வைத்திருந்தால் அதுதான் முதலில் காணாமல் போகும்.

4:3-ஆ, 16:9-ஆ என்பதைக் காட்டப் போகிற டிவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த டிவி என்றே தெரியாவிட்டால் 4:3 பாதுகாப்பு. எல்இடி டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான், எதுவும் வெட்டுப்படாது. 16:9 டிஸ்கைப் பழைய டிவியில் போட்டால், பிளேயரின் டிவி டைப் அமைப்பு பான்-ஸ்கேன் என்று இருக்கும்பட்சத்தில் இரு ஓரமும் வெட்டுப்படலாம். லெட்டர்பாக்ஸ் என்று மாற்றினால் முழுதும் தெரியும், ஆனால் எழுத்து இன்னும் சிறுத்துவிடும். ஏற்கெனவே 16:9-ல் இருக்கும் ஸ்லைடை மாற்ற டிசைன் தாவலில் ஸ்லைடு சைஸ் போய் ஸ்டாண்டர்டு தேர்ந்தெடுங்கள். மேக்சிமைஸ், என்ஷூர் ஃபிட் என்று இரண்டு கேட்கும். இரண்டாவதை எடுங்கள், பிறகு எழுத்தளவை மறுபடி ஏற்றுங்கள்.

நேரமும் குரலும்

டிவிடியில் கிளிக் கிடையாது. கிளிக் செய்தால் வரும்படி வைத்த ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லா ஸ்லைடும் 5 நொடி ஓடும். ஐந்து வரித் தமிழுக்கு அது போதவே போதாது. ஸ்லைடை வாய்விட்டு நிதானமாக ஒரு முறை படித்து, அந்த நேரத்தோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு ஷோ தாவலில் ரிஹர்ஸ் டைமிங்ஸ் அழுத்தி, இப்படிப் படித்துக்கொண்டே நகர்த்தினால் நேரம் தானே பதிவாகும். லிங்க், ஆக்‌ஷன் பட்டன், மேக்ரோ எதுவும் வீடியோவில் வேலை செய்யாது; அவற்றை நம்பியிருக்கும் ஸ்லைடுகளை வரிசையாகப் பார்க்கும்படி மாற்றி அமைத்துவிடுங்கள்.

படிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள் என்றால் குரல் கட்டாயம் வேண்டும். ரெக்கார்டு ஸ்லைடு ஷோவில் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது வரும் அந்த இடைவெளியில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை. பேச்சை முடித்து ஒரு நொடி நிறுத்தி, ஸ்லைடை மாற்றி, அது முழுதாக வந்த பிறகு இன்னொரு நொடி விட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் வாக்கியத்தின் முதல் சொல் வெட்டுப்படும். சேலத்து வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். டிவியின் சிறிய ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.

அனிமேஷனில் பறந்து வருவது, ஊர்ந்து வருவது எல்லாம் வேண்டாம். பவர்பாயிண்ட் வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம்; டிவிடி 25. மாற்றும்போது ஆறில் ஒரு ஃபிரேம் கழிவதால் நகரும் எழுத்து வெட்டி வெட்டி வரும். ஃபேட் மட்டும் வையுங்கள், அதில் இது தெரியாது.

வீடியோவாக எடுப்பது

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் கிரியேட் எ வீடியோ. பவர்பாயிண்ட் 2010-ல் இதே வசதி சேவ் அண்ட் சென்ட் என்பதற்குள் இருக்கும், அது டபிள்யு.எம்.வி. ஃபைல் தரும், 2013-லிருந்து எம்.பி.4-உம் வரும். இரண்டுமே இந்த வேலைக்குச் சரிதான்.

பலரும் ஏமாறுகிற இடம் தர அளவு. 2010, 2013 பதிப்புகளில் இன்டர்நெட் அண்ட் டிவிடி என்று ஒரு தேர்வு உண்டு. டிவிடி என்று எழுதியிருக்கிறதே என்று அதை எடுத்தால் கிடைப்பது 480 வரிப் படம். நம் டிஸ்குக்கு 576 வரி வேண்டும், ஆகவே மென்பொருள் அதை இழுத்துப் பெரிதாக்கும், எழுத்தின் ஓரமெல்லாம் மங்கும். அதற்கு மேலே உள்ள, 720 வரி தரும் தேர்வை எடுங்கள். பெரியதைச் சுருக்கினால் எழுத்து கூர்மையாக நிற்கும். புதிய பதிப்புகளில் 720பி என்றே போட்டிருக்கும்.

எடுத்த வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாட்டோ பேச்சோ வரவில்லை என்றால், பெரும்பாலும் ஒலி ஃபைல் ஸ்லைடுக்குள் இல்லாமல் வேறு ஃபோல்டரிலிருந்து இணைந்திருக்கும். அதை உள்ளேயே சேர்த்து மறுபடி எடுங்கள்.

பவர்பாயிண்ட் இல்லாமல் லிப்ரே ஆபீஸில் செய்தவர்கள் ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி, பக்கங்களைப் படங்களாக மாற்றி, அடுத்துச் சொல்லும் மென்பொருளிலேயே ஸ்லைடுஷோவாகச் சேர்க்கலாம். அனிமேஷன் போய்விடும், மற்றபடி குறையில்லை.

டிவிடியாகக் கட்டுவது

டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ் 7-உடன் டிவிடி மேக்கர் வந்தது. விண்டோஸ் 8-லேயே அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டைலரில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே எல்லாம் கேட்கும்: டிஸ்க் 4.7 ஜிபி, வீடியோ முறை பி.ஏ.எல்., விகிதம் உங்கள் ஸ்லைடு எதுவோ அது, ஒலி ஏசி3. பிட்ரேட், அதாவது நொடிக்குப் பதியும் விவர அளவு (கிலோபிட்டில்), 8000 வையுங்கள். நாற்பது ஸ்லைடு, ஸ்லைடுக்கு 12 நொடி என்றால் மொத்தம் 8 நிமிடம். 8000-ல் அது 500 எம்பி சுற்றித்தான் வரும். டிஸ்கில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இடம் இருக்கும்போது பிட்ரேட்டைக் குறைத்து எதைச் சேமிக்கப் போகிறோம்? குறைத்தால் அசையாத ஸ்லைடே அரை நொடிக்கு ஒருமுறை லேசாக மூச்சு வாங்குவது போலத் துடிக்கும். எம்பெக்-2 பன்னிரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை முழுப் படத்தையும் புதிதாகப் பதிகிறது, அந்த மாற்றம்தான் கண்ணில் படுகிறது.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு சாப்டர் போடுங்கள். ஒரு டைட்டிலில் (டிஸ்கில் உள்ள ஒரு தனி வீடியோ) 99 வரை போடலாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் சோம்பல் படாதீர்கள். ரிமோட்டில் அடுத்தது பட்டனை அழுத்தினால் அடுத்த ஸ்லைடு, பாஸ் அழுத்தினால் ஸ்லைடு நிற்கும். கேள்வி கேட்டால் நிறுத்திப் பேசலாம், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்துக்கு நேராகப் போகலாம். சாப்டர் நேரத்தை ஸ்லைடு தொடங்கி ஒரு நொடி தள்ளி வையுங்கள். சரியாகத் தொடக்கத்தில் வைத்தால் பிளேயர் அதற்கு முந்தைய முழு ஃபிரேமுக்குப் போய் பழைய ஸ்லைடின் வாலைக் காட்டும்.

கண்காட்சி அரங்கில், உதாரணமாக ஏற்காடு கோடை விழாவில் ஒரு ஸ்டாலில், நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் மெனுவே வேண்டாம். டைட்டிலின் பண்புகளில் போஸ்ட் கமாண்டை (வீடியோ முடிந்ததும் பிளேயர் செய்ய வேண்டியது) அதே டைட்டிலுக்குத் திரும்பும்படி மாற்றிவிட்டால் தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

டிஸ்கில் எழுதுவது

நேராக டிஸ்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிஸ்கும் ஒரே ஃபைலில்) எடுத்து விஎல்சி பிளேயர் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருள் வழியாக எழுதலாம். பழைய பிளேயர்களுக்கு டிவிடி மைனஸ் ஆர் அதிகம் ஒத்துப்போகும். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யு டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பித் தருவதால் தேய்ந்த லென்ஸ் அதைப் படிக்கத் திணறும். 16 எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 8 எக்ஸில் எழுதுங்கள், வெரிஃபை டிக் இருக்கட்டும். யுஎஸ்பி ரைட்டர் பாதியில் நின்றால் பெரும்பாலும் கரண்ட் போதாமைதான். ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள், இரட்டைப் பின் கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

எழுதி முடித்த டிஸ்கில் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும், அதற்குள் ஐஎஃப்ஓ, விஓபி, பியுபி ஃபைல்கள். அவை இல்லாமல் வெறும் எம்.பி.4 மட்டும் இருந்தால் டேட்டா டிஸ்காக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிளேயர் விசிடி (வீடியோ சிடி) மட்டும் படிக்கும் ரகமென்றால் 700 எம்பி சிடியில் 80 நிமிடம் வரை எழுதலாம். ஆனால் அதில் உயரமே 288 வரிதான், டிவிடியில் பாதி. எழுத்து 48 பாயிண்ட்டாவது இருந்தால்தான் தமிழ்ப் புள்ளி தப்பும், அதற்கு ஸ்லைடுகளைப் புதிதாகவே செய்ய வேண்டும்.

மலை ஏறும் முன் கீழேயே, கிடைக்கிற பிளேயர்களில் பழையதாக ஒன்றில் போட்டுப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ பிளேயர் அமைப்பு என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க டிவி முறையில் கிடக்கிறது, பி.ஏ.எல். ஆக்குங்கள். படமே இல்லாமல் ஒலி மட்டும் வந்தால் மஞ்சள் கேபிள் தவறான துளையில் இருக்கும். இரண்டு பிரதிகள், முடிந்தால் இரு வேறு கம்பெனி டிஸ்க்குகளில் எழுதி எடுத்துப் போங்கள்; ஒரு பிளேயர் ஒதுக்கும் டிஸ்க்கை இன்னொன்று படிக்கும் என்பது போல, ஒரு கம்பெனி டிஸ்க்கை ஒதுக்கும் பிளேயர் வேறு கம்பெனியுடையதைப் படித்துவிடும்.

ஏற்காட்டுப் பனிக்காலத்தில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிளேயரை ஆட்கள் நிறைந்த சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே லென்ஸில் ஈரம் படியும், எந்த டிஸ்கையும் படிக்காது. டிஸ்க் போடாமல் ஆன் செய்து முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். டிஸ்கில் பெயர் எழுத சிடி மார்க்கரைப் பயன்படுத்துங்கள், பால்பாயிண்ட் கீறிவிடும். காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது எடை ஒருபக்கமாகச் சாய்ந்து படம் திக்கும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துணியை இழுங்கள்.